மதிலுக்குள் வந்த மலைத்தேனீ

கேளுங்கள் பெரியோரே, கிட்டத்தில் வந்து உட்காருங்கள் பிள்ளைகளே. ஊருக்கு ஊர் ஒரு ராஜா, ராஜாவுக்கு ராஜா ஒரு சண்டை என்று இருந்த காலத்தில், மலையடிவாரத்தில் வேங்கைக்குடி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரின் செக்கடித் தெருவில் சாத்தப்பன் என்று ஒரு மிளகு வியாபாரி இருந்தான்.

சாத்தப்பன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவன் கதை என்றால் நாம் நிம்மதியாகக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். இவன் நம்மைப்போல ஒருவன். அளவு குறைக்க மாட்டான். தாகம் என்று வந்தவனுக்கு மோர் கொடுப்பான். ஒரே ஒரு குறை. தன் எதிரில் இன்னொருவரை யாராவது புகழ்ந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

அடுத்த வீட்டில் அல்லியம்மை இருந்தாள். கணவனை இழந்தவள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பூந்தோட்டம், தோட்டத்துச் சுவரின் மாடங்களில் வரிசையாகப் படுக்கவைத்த மண்பானைகள், பானைகளுக்குள் தேனீக்கள். பூக்கட்டியும் தேன் எடுத்தும் பிழைத்தாள். அம்மன் கோயில் திருவிழாவில் அபிஷேகத்துக்கு அவள் தேன்தான். பூசாரி ஒவ்வொரு வருஷமும் எல்லோரும் கேட்கும்படி, "இது அல்லியம்மை வீட்டுத் தேன்" என்பார். ஊர் முழுக்கத் தலையாட்டும். சாத்தப்பனும் ஆட்டுவான். வீட்டுக்கு வந்து இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான்.

ஒருநாள் அவன் அவள் வாசலில் போய் நின்றான்.

"தங்கச்சி, எனக்கும் தேனீ வளர்க்க ஆசையாக இருக்கிறது."

அல்லியம்மைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அதற்கென்ன அண்ணா, தாராளமாக வளருங்கள். நீங்களும் வைத்தால் இந்தத் தெருவில் காய்க்காத கொடி இருக்காது. ஆனால் தேனீ எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷருக்கு மனுஷர் குணம் மாறுகிறதில்லையா, அப்படித்தான்."

அவள் பூவைத் தொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"கொசுத்தேனீ இருக்கிறதே, அது எறும்பைவிடக் கொஞ்சம் பெரிது. கொட்டத் தெரியாது. கூச்ச சுபாவம். சுவரில் ஒரு பொந்து இருந்தால் போதும், உண்டு உறங்கித் தன் பாட்டுக்கு இருக்கும். அது தரும் தேன் கொஞ்சம்தான், ஆனால் மருந்து. அடுத்தது அடுக்குத்தேனீ, என் பானைகளில் இருப்பது. பொறுமையாகப் போனால் பிள்ளை மாதிரி இருக்கும். தொந்தரவு கொடுத்தால் சண்டை போடாது, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டே போய்விடும்."

"மலையில் பாறைக்குப் பாறை தொங்குகிறதே, அது?"

அல்லியம்மையின் விரல்கள் நின்றன. "மலைத்தேனீயா? அதை வீட்டில் வளர்க்க முடியாது அண்ணா. அது இருட்டுக்குள் அடங்காது, வெட்டவெளியில்தான் தொங்கும். ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கே ஓராயிரம் வரும். எப்போதாவது அது தானாக ஊருக்குள் வந்து மரத்தில் தங்கினால், உடனே தெருவுக்குச் சொல்லிவிடவேண்டும். ஆடுமாட்டை அந்தப் பக்கம் கட்டக்கூடாது. கீழே நெருப்பு மூட்டக்கூடாது. பூக்காலம் முடிந்ததும் அதுவே எழுந்து போய்விடும்."

சாத்தப்பன் கேட்டுக்கொண்டான்.

முதலில் கொசுத்தேனீ வைத்தான். அல்லியம்மை ஒரு மூங்கில் துண்டோடு கொடுத்தாள். பல மாதம் காத்திருந்து திறந்து பார்த்தால், தேன் ஒரு பாலாடை அளவுகூட இல்லை. "இதற்கா இத்தனை பாடு?" என்று மூங்கிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பிறகு அடுக்குத்தேனீ வைத்தான். தேன் கூடியதா, கூடியதா என்று காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் பானையைத் திறந்து பார்த்தான். தேனீக்கள் பொறுத்துப் பார்த்தன. ஒரு நண்பகலில் கூட்டமாக வெளியே வந்து, கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வடக்கே போய்விட்டன. பானையில் வெறும் அடை இருந்தது. அன்று அவன் மனைவி உமையாள் சிரித்தாள். "அவற்றை நீங்கள் மிளகு மூட்டை மாதிரி நிறுத்துப் பார்த்தால் இருக்குமா?"

மூன்றாவதாக மலைத்தேனீ வந்தது. அவன் தேடிப் போகவில்லை. தானாக வந்தது.

சாத்தப்பனின் கொல்லையைச் சுற்றி உயரமான மதில். நடுவில் கிளை தாழ்ந்த ஒரு பெரிய மாமரம். மலையில் பூ குறைந்த பருவத்தில் ஒருநாள் அவன் கொல்லைக்குப் போனபோது, மரத்தின் உள்கிளையில் கறுப்பாக ஏதோ துணி தொங்குகிற மாதிரி இருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தான். துணி அசைந்தது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அலைபோலச் சிலிர்த்தது. அவ்வளவும் தேனீ.

தெருவுக்குச் சொல்லவேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வாசல்வரை வந்தான். எதிர்வீட்டுச் செக்கில் மருதன் எள் ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய செவலைக்காளை கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தது. "என்ன செட்டியாரே, வாசலில் நின்றுவிட்டீர்?" என்றான் மருதன்.

சொன்னால் என்ன ஆகும் என்று சாத்தப்பன் நினைத்தான். கூட்டம் கூடும். அல்லியம்மை வந்து நிதானமாகப் பார்த்து, 'தொடாதீர்கள்' என்பாள். இன்னும் ஒரு மாதத்தில் தேன் முழுவதையும் தின்றுவிட்டுத் தேனீக்கள் பறந்துவிடும். சொல்லாவிட்டால்? அந்த அடையில் இருக்கும் தேன் அவளுடைய எல்லாப் பானையிலும் சேர்ந்தாலும் வராது. இந்தத் திருவிழாவுக்குப் பூசாரி வேறு பெயர் சொல்லவேண்டியிருக்கும்.

"ஒன்றுமில்லை மருதா, காற்று வாங்க வந்தேன்" என்றான். உமையாளிடமும் மூச்சு விடவில்லை; உள்கிளை என்பதால் கிட்டப்போகாமல் அவள் கண்ணில் படவும் இல்லை.

திருவிழா நெருங்கியது. உமையாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், ஈரக் கம்பளியால் உடம்பைப் போர்த்திக்கொண்டு, பச்சைத்தழையும் வைக்கோலும் கட்டிய ஒரு பந்தத்தைக் கொளுத்தி மரத்தடியில் நீட்டினான். புகை போதவில்லை. இன்னும் உயர்த்தினான். நெருப்பு அடையைத் தொட்டது.

இரைச்சல் எழுந்தது. மழை வருகிற இரைச்சல் மாதிரி இருந்தது. அவன் பந்தத்தை எறிந்துவிட்டு ஓடினான். வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டான். கம்பளியால் பிழைத்தான். கையில் இரண்டொரு கொட்டு, அவ்வளவுதான்.

கறுப்புத்துணி அவிழ்ந்து மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

தெருவில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு வீடுகளுக்குள் ஓடினார்கள். ஓட முடியாதது ஒன்றுதான். செவலைக்காளை செக்கில் பூட்டியிருந்தது. கண்ணும் கட்டியிருந்தது. மருதன் ஓடியிருக்கலாம். அவன் ஓடவில்லை. காளையின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். காளை துள்ளியதில் முடிச்சு இறுகிவிட்டது.

"யாராவது ஒரு கத்தி கொடுங்களேன்! கயிற்றை அறுக்கணும்! சாமி, யாராவது வாங்களேன்!"

சாத்தப்பன் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டான். மூட்டைக் கயிறு அறுக்கும் கத்தி அவன் கைக்கு எட்டும் இடத்தில் சுவரில் செருகியிருந்தது. உடம்பில் கம்பளியும் இருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தான். கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மருதனின் குரலும் நின்றுவிட்டது.

காளை செக்கடியிலேயே செத்தது. அதன் காலடியிலும் ஓடியவர்கள் காலடியிலும் விழுந்த தேனீக்கள் இனம் தெரியாமல் நசுங்கிப்போயின, மீதி மலைக்குத் திரும்பின. மருதனை முகம் தெரியாதபடி வீங்கிய நிலையில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தெருவே மருதன் வீட்டு வாசலில் கூடியிருந்தபோது, சாத்தப்பன் தன் கொல்லையில் குழி வெட்டினான். கரிந்து விழுந்த அடையைப் புதைத்தான். இறந்து கிடந்த பெரிய பெரிய தேனீக்களைத் துடைப்பத்தால் கூட்டி அதே குழியில் தள்ளி மண்ணை மூடினான். பிறகு கை கழுவிக்கொண்டு மருதனைப் பார்க்கப் போனான்.

"தேனீ வளர்க்கிறது இந்தத் தெருவில் ஒரே வீடுதானே?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் அல்லியம்மையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மருதனின் கொட்டுகளில் மஞ்சளை அரைத்துப் பற்றுப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தாள். "என் தேனீ இப்படிச் செய்யாது. இத்தனை வருஷத்தில் ஒருவரைத் துரத்தியது உண்டா?" கூட்டத்தில் சாத்தப்பனைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. "இதோ அண்ணா இருக்கிறாரே. அண்ணாவும் வளர்த்தவர். அதன் குணம் அவருக்குத் தெரியும். சொல்லுங்கள் அண்ணா."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த முதல் தடவை அது. ஒரு சொல் போதும். ஆனால் சாத்தப்பன் தரையைப் பார்த்தான்.

"என்ன இருந்தாலும் தேனீ தேனீதானே, தங்கச்சி" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை பாருங்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். 'நான் பொய் சொல்லவில்லை. நான் அவள் பெயரை எடுக்கவில்லை.' அன்றும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தமுறை யாரும் யாரையும் புகழவில்லை.

மறுநாள் ஊர்ச்சபை கூடியது. ஊர்த்தலைவர் பூதநாதர் வயதானவர், நியாயமானவர்தான். கண்ணெதிரில் ஒரு காளையின் பிணமும் ஒரு மனிதனின் முனகலும் இருக்கும்போது நியாயம் அவசரப்பட்டுவிடுகிறது. "அல்லியம்மை, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஊருக்குள் இனி தேனீ வேண்டாம். பானைகளை மூடிவிடவேண்டும்" என்றார். பிறகு சுற்றிப் பார்த்தார். "சாத்தப்பா, இந்த வேலை உனக்குத்தான் தெரியும். நீயே செய்துவிடு."

அது இரண்டாம் தடவை. சாத்தப்பன் "ஐயா..." என்று தொடங்கினான். "என்ன?" என்றார் தலைவர். "களிமண் வேண்டும்" என்றான்.

பானைகளின் வாயைக் களிமண்ணால் அடைத்தால் உள்ளே காற்று இருக்காது. அவன் ஒவ்வொரு பானையாக அடைத்தான். தேனீக்கள் அவன் விரல்கள்மேல் ஊர்ந்தன. ஈரமண்ணை மோந்தன. ஒன்றுகூடக் கொட்டவில்லை. ஒரேயொரு தேனீ கொட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தேனீ நசுங்காமல் விரலால் ஒதுக்கி ஒதுக்கி அவன் மண் பூசுவதைப் பார்த்தவர்கள், "செட்டியாருக்கு எவ்வளவு இளகிய மனசு" என்றார்கள். அல்லியம்மை முற்றத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே ரீங்காரம் பெரிதாகி, பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு இல்லாமல் போனது.

வீட்டுக்கு வந்தால், தங்கை வீட்டிலிருந்து திரும்பியிருந்த உமையாள் கொல்லைப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். "இங்கே யார் மண்ணை வெட்டியது? கரிந்த வாசனை வருகிறதே."

"குப்பை எரித்தேன்" என்றான்.

அவள் மாமரத்தின் கரிந்த இலைகளை ஒருமுறை பார்த்தாள். அவனை ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மருதன் பிழைத்தான். வீக்கம் வடிந்து எழுந்து நடந்தான். ஆனால் காளை இல்லை. காளை இல்லாமல் செக்கு இல்லை, செக்கு இல்லாமல் அடுப்பு இல்லை. அவன் சபையில் முறையிட்டான். அல்லியம்மையின் பூந்தோட்டத்தை நஷ்டத்துக்கு ஈடாக மருதனுக்குக் கொடுத்துவிடவேண்டும் என்று பேச்சு எழுந்தது. வருகிற பௌர்ணமிச் சபையில் முடிவு சொல்வதாகத் தலைவர் கூறினார். சாட்சியாகச் சாத்தப்பன் வரவேண்டும் என்றார்கள்.

சபைக்கு முந்தின நாள் காலையில் வாசலில் குரல் கேட்டது. அல்லியம்மை நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தப் பழைய மூங்கில் துண்டு.

"அண்ணா, தோட்டம் போனால் எனக்கு இங்கே பிழைப்பில்லை. அக்காள் ஊருக்குப் போகப்போகிறேன். கொசுத்தேனீ பாவம், அடைக்கும்போது யாரும் இதைக் கவனிக்கவில்லை. வண்டியில் குலுங்கினால் செத்துவிடும். உங்கள் கொல்லைச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள். இது யாரையும் ஒன்றும் செய்யாது."

சாத்தப்பன் கையை நீட்டவில்லை.

"நீங்களும் வாங்கிக்கொள்ள மாட்டீர்களா?" என்று அவள் கேட்டாள். "உங்களுக்கும் பயம் வந்துவிட்டதா அண்ணா?"

அவளுக்கு அவன்மேல் சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். சாபமிட்டிருந்தாலும் தாங்கியிருப்பான். உமையாள்தான் வந்து மூங்கிலை வாங்கினாள். "நான் பார்த்துக்கொள்கிறேன் அல்லி" என்றாள். அல்லியம்மை போனபின் உமையாள் கணவனிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "இதையும் புதைப்பீர்களா?"

மறுநாள் சபை நிறைந்திருந்தது. தலைவர் கேட்டார். "சாத்தப்பா, காளையைக் கொன்றது அல்லியம்மையின் தேனீதானே? உனக்குத் தெரிந்ததைச் சொல்."

சாத்தப்பன் எழுந்தான். "இல்லை ஐயா. என் கொல்லையில் மலைத்தேனீ வந்து தங்கியிருந்தது. யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். தேனுக்கு ஆசைப்பட்டு நெருப்பைக் காட்டியவன் நான். மருதன் கத்தி கேட்டு அலறியபோது கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றவனும் நான்தான்."

பிறகு என்ன நடந்தது தெரியுமா? தலைவரின் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீர்களா?" என்றார். "ஒரு கைம்பெண்ணின் தோட்டத்தைக் காப்பாற்ற இந்த மனிதன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். உட்கார் சாத்தப்பா. உன் நல்ல மனசு எங்களுக்குத் தெரியும்."

"ஆமாம், ஆமாம்" என்றது சபை. "செட்டியாரே, உங்களுக்கு ஏன் இந்தப் பொல்லாப்பு?" என்று மருதனே அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

அது மூன்றாம் தடவை. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று. நம்பாதது அவர்கள் குற்றம். இப்போது உட்கார்ந்துவிட்டால் ஊரில் அவனைப்போல உத்தமன் இல்லை என்று பெயர். வாழ்நாள் முழுக்க அவன் ஏங்கிய புகழ் அத்தனையும் ஒரே நொடியில் அவன் காலடியில் கிடந்தது.

சாத்தப்பன் உட்காரவில்லை. மருதனின் வீக்கம் வடிந்த விரல்கள் தன் கைமேல் இருப்பதைப் பார்த்தான். மெதுவாக அந்தக் கையை விலக்கினான்.

"என்னோடு வாருங்கள்" என்றான். "எல்லோரும் வாருங்கள்."

சபை முழுவதும் அவன் கொல்லைக்கு வந்தது. மண்வெட்டியைக் கொடுக்க வந்த ஆளை வேண்டாம் என்றான். மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினான். முதலில் தேனீக்கள் வந்தன, பிடி பிடியாக. அல்லியம்மையின் தேனீயைப்போல இரண்டு மடங்கு நீளம் ஒவ்வொன்றும். பிறகு கரிந்த அடை வந்தது, ஒரு முறத்தைவிட அகலமாக. அதை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்தான். தலையை நிமிர்த்தவில்லை.

தலைவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கொடுத்த தீர்ப்புத்தானே அந்தப் பானைகளை அடைத்தது.

அல்லியம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்து ஒரு பெரிய தேனீயை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கீழே போட்டாள்.

"என் தேனீக்கு வாயில்லை" என்றாள். "உங்களுக்கு இருந்ததே அண்ணா."

அதைவிடப் பெரிய தண்டனையைச் சபையாலும் கொடுக்க முடியவில்லை.

தோட்டம் அல்லியம்மையிடமே இருந்தது. சாத்தப்பன் மருதனுக்கு ஒரு காளை வாங்கிக் கொடுத்தான். அது இளங்காளை, செக்குக்குப் பழகவில்லை. "பழகும்வரை நான் தள்ளுகிறேன்" என்றான் சாத்தப்பன். மருதன் செக்கிலிருந்து விலகி நின்றான். சாத்தப்பன் செக்கின் நுகத்தடியை நெஞ்சில் முட்டுக்கொடுத்து, ஊர் பார்க்கச் சுற்றிச் சுற்றி நடந்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை அல்லியம்மையின் வீடு எதிரே வரும். ஒவ்வொரு முறையும் அவன் கண் தாழும். சிரித்தவர்கள் சிரித்தார்கள். சில நாளில் அதுவும் அலுத்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவனுக்கு மட்டும் அலுக்கவில்லை.

அந்த வருஷம் செக்கடித் தெருவில் தேனீ வராமல் பூசணிப்பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தன. ஒவ்வொரு பூ உதிரும்போதும் சாத்தப்பன் பார்த்தான்.

அடுத்த பூக்காலத்தில் ஒரு நாள், அவன் வீட்டு முருங்கைக் கிளையில் ஒரு தேனீக்கூட்டம் வந்து இறங்கியது. அடுக்குத்தேனீ. சாந்தமாகப் பந்துபோலத் திரண்டு தொங்கியது. சாத்தப்பன் அதைத் தொடவில்லை. ஓடிப்போய்த் தெருவில் நின்று, "என் வீட்டு முருங்கையில் தேனீ வந்திருக்கிறது, மாட்டை அவிழ்த்துத் தள்ளிக் கட்டுங்கள்" என்று எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னான். பிறகு அல்லியம்மையின் வாசலுக்குப் போனான். படி ஏறவில்லை.

"அடுக்குத்தேனீதான்" என்றான். "உன் மாடம் காலியாக இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்."

அவள் அவனை நேராகப் பார்த்துப் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. உள்ளே போய் ஒரு புதுப்பானையும் ஓர் இறகும் எடுத்து வந்தாள். முருங்கையடியில் நின்று, கிளையைத் தாழ்த்தி, இறகால் தேனீக்களை மெல்லப் பானைக்குள் தள்ளினாள். இரண்டு கை போதவில்லை. சுற்றிப் பார்த்தாள். மருதன் தூரத்தில் நின்றான். உமையாள் உள்ளே இருந்தாள். பக்கத்தில் இருந்தது சாத்தப்பன் ஒருவன்தான்.

"பானையைப் பிடியுங்கள்" என்றாள்.

அண்ணா என்று சொல்லவில்லை. அந்தச் சொல் அவள் வாயில் அப்புறம் வரவே இல்லை. சாத்தப்பன் இரண்டு கையாலும் பானையைப் பிடித்துக்கொண்டு, அவள் போதும் என்று சொல்லும்வரை அசையாமல் நின்றான்.

பெரியோரே, பிள்ளைகளே, இந்தக் கதை சொல்வது இதுதான்: தான் செய்த குற்றத்துக்கு இன்னொருவர் பழி சுமக்கும்போது வாய்மூடி நிற்பவன், அந்தக் குற்றத்தை மறுபடியும் செய்கிறான்.